எஞ்சின் மூடிமேல் எண்ணெய்க் கறை

டாங்கியைப் பார்த்ததும் அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "யார்ரா என் வண்டிய இவ்ளோ அழுக்கா வெச்சது?" என்பதுதான்.

ஐந்து மாதம் உழைத்துச் செய்தது. நிஜ டாங்கியில் பதினாறில் ஒரு பங்கு. பீரங்கிக் குழலையும் சேர்த்தால் ஒரு முழத்துக்கு மேல் ஒரு சாண் நீளம் வரும். கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீப்ஸில் இருக்கும் என் வீட்டிலிருந்து ஆண்டர்சன்பேட்டையில் அண்ணன் வீடு வரை ஆட்டோவில் பெட்டியோடு மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஆட்டோக்காரரை முறைத்தேன். கடைசியில் அவரே பொறுக்க முடியாமல், "இன்னா சார், உள்ள கொழந்தையா கீது?" என்று கேட்டுவிட்டார். அப்படிக் கொண்டுவந்ததைப் பார்த்து 'நல்லா இருக்கு' என்று ஒரு வார்த்தை வரும் என்று நினைத்தது தப்பா?

நான் பெங்களூரில் ஒரு அச்சகத்தில் கலர் பார்க்கிற வேலை செய்கிறேன். வாடிக்கையாளர் கேட்ட சிவப்பும் மெஷினில் வந்த சிவப்பும் ஒன்றுதானா என்று சொல்ல வேண்டும். காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்ப வேண்டும். என் கண்மேல் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. அந்தத் திமிருக்குத் தீனி போட்டது இந்த டாங்கிப் பொழுதுபோக்கு. பெட்டியில் வரும் பிளாஸ்டிக் துண்டுகளை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். ஒட்டி, பெயின்ட் அடித்து, அதன்பிறகு அந்தப் புத்தம்புது பெயின்டைக் கெடுப்பதில்தான் வித்தை. வெதரிங் என்பார்கள். ஓரங்களில் ஸ்பாஞ்சால் ஒற்றிப் பெயின்ட் உரிந்ததுபோல் காட்டுவது, ஆயில் பெயின்டை டர்பென்டைனில் நீர்க்கக் கரைத்து இடுக்குகளில் இறக்குவது, போல்ட்டுக்குக் கீழே துருவை வடியவிடுவது, செயின் பட்டையில் மண் அப்புவது. இணையத்தில் படம் போடுகிறவர்கள் எல்லாரும் இதைத்தான் செய்கிறார்கள். அழுக்கு எவ்வளவோ அவ்வளவு கைதட்டல்.

அண்ணனின் டாங்கிக்கு நான் ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. பாலைவனப் புழுதிக்கு தங்கச் சுரங்கக் கழிவு குவிந்த நம் சைனைட் மேட்டு மண்ணையே வெயிலில் காயவைத்து, துணியில் சலித்துத் தூவினேன். பின்பக்க எஞ்சின் மூடிக்கு மட்டும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின. டீசல் சிந்திய தடம், பழைய எண்ணெய் காய்ந்த கறை, அதன்மேல் புது எண்ணெயின் மினுமினுப்பு. நான் செய்ததிலேயே நல்ல எண்ணெய்க் கறை அதுதான். அண்ணன் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

அண்ணன் ராணுவத்தில் டாங்கி டிரைவராக இருந்தவர். இருபது வருஷத்துக்கு முன்னால், ராஜஸ்தான் பக்கம் ஒரு பயிற்சியில், அவர் ஓட்டிய டாங்கியின் எஞ்சின் பகுதி தீப்பிடித்தது. முன்பக்கக் குழியிலிருந்து அண்ணன் வெளியே வருவதற்குள், பீரங்கி சுடும் கன்னர் பின்னால் தாவி, கொதித்துக்கொண்டிருந்த மூடியை வெறுங்கையால் தூக்கிப் பிடித்து உள்ளே தீயணைப்பானை அடித்திருக்கிறார். டாங்கி பிழைத்தது, அதில் இருந்த மூன்று பேரும் பிழைத்தார்கள், அவருடைய இரண்டு கைகளும் வெந்துபோயின. விசாரணை நடந்தது. ஒரு குழாய் இணைப்பு கழன்று எண்ணெய் கசிந்தது, டிரைவர்மேல் குற்றமில்லை என்று முடிந்தது. எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு எப்போது வந்தாலும் அண்ணன் கடைசியில் ஒன்றே ஒன்று சொல்லி முடித்துவிடுவார்: "என் வண்டி சுத்தம்."

கன்னர் குடியாத்தம் பக்கத்துக்காரர். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். இங்கிருந்து பேத்தமங்களா வழியாகப் பஸ் பிடித்தால் ஒரு பொழுதில் போய்த் திரும்பிவிடலாம். அண்ணன் ஒரு தடவைகூடப் போனதில்லை. இந்த வருஷம்தான் பழைய ஆட்கள் ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்து, அதில் அவரே அண்ணனைக் கண்டுபிடித்து, ஒரு நாள் வந்து பார்க்கிறேன் என்று சொன்னார். அன்றைக்கே அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். "நம்ம வண்டிய அப்பிடியே செஞ்சு குடுடா. அவன் கைல குடுக்கணும். குடுத்துட்டா போதும், அப்புறம் நான் நிம்மதியா கெடப்பேன்" என்றார். அண்ணன் என்னிடம் எதையும் கேட்டு வாங்குகிற ஆள் இல்லை. அதனால்தான் ஐந்து மாதம் அப்படி உழைத்தேன்.

இப்போது அந்த மனிதர் வருவதற்கு எட்டு நாள்தான் இருந்தது.

"எண்ணெ எதுக்குடா போட்ட?"

"ஓடுற வண்டின்னா எண்ணெ இருக்குமில்லண்ணா. எல்லாரும் அப்டித்தான் பண்றாங்க."

"எல்லாரும்னா யாரு? டேங்க் ஓட்டினவனா?"

நான் டாங்கியின் குழலைத் திருப்பி நேராக்கினேன்.

"சாயங்காலம் வண்டிய நிறுத்தினா, மூடிய தெறந்து தொடைச்சு முடிச்சாதான் சோறு. ஒரு புள்ளி துரு கண்ணுல பட்டா முதுகுத்தோலு உரிஞ்சுடும். நீ இன்னாடான்னா காயலான் கடைக்குப் போற மாதிரி பண்ணி வெச்சிகிற. அவன் வந்து இத பாத்தா இன்னா நெனப்பான்?"

கடைசி வார்த்தையில் அவர் குரல் உடைந்தது. அண்ணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்குக் கோபம் மூக்குமுட்ட வந்தது. டாங்கியைத் திரும்பப் பெட்டியில் வைத்தேன். ஆனால் ஆட்டோவில் உட்கார்ந்ததும் கோபம் போய் வெட்கம் வந்தது. ஒரு டாங்கியில் வருஷக்கணக்காக உட்கார்ந்து ஓட்டிய மனிதர் மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார். ஐந்து மாதத்தில் அவரிடம் ஒரு கேள்வி கேட்காமல், போலந்திலும் ஜப்பானிலும் இருக்கிற எவனெவனோ போட்ட வீடியோவைப் பார்த்து அவருடைய வண்டியை அழுக்காக்கியிருக்கிறேன். என் மாதிரி முட்டாள் இந்தக் கோலார் தங்கவயலில் இன்னொருவன் இருக்க மாட்டான்.

அச்சகத்தில் லீவு சொன்னேன்.

அழுக்காக்குவதற்கு ஆயிரம் பாடம் இருக்கிறது. அழுக்கை எடுப்பதற்கு ஒன்றும் இல்லை. கறை உதிரக்கூடாது என்று மேலே மேட் வார்னிஷ் அடித்து மூடியிருந்தேன். தின்னரைத் தொட்டுத் தேய்த்தால் கறைக்கு முன்னால் அடிப்பெயின்ட் கரைந்து வந்தது. உப்புத்தாளிலேயே மெல்லிய ரகமான வாட்டர் பேப்பரை நகம் அளவுக்கு வெட்டி, தண்ணீர் தொட்டுத் தேய்த்தேன். காற்று போகும் வலை மூடி ஒன்று இருக்கிறது, கொசுவலையைவிடப் பொடிக் கண். அதன் ஓட்டைகளில் அடைந்த கறுப்பை ஊசிமுனையால் ஒவ்வொன்றாகக் குத்தி எடுக்க வேண்டியிருந்தது. கொஞ்சம் அழுத்தினால் வலை கிழிந்துவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு குத்துவேன், நிமிர்ந்து மூச்சு விடுவேன், மறுபடியும் குனிவேன். முதல் நாள் முடிவில் உள்ளங்கை அளவு இடம்கூடச் சுத்தமாகவில்லை.

இரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு அண்ணன் தன் மொபெட்டில் வந்து இறங்கினார். படிக்கிற கண்ணாடியும் ஒரு சின்ன டார்ச்சும் கையில். ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"இங்க இன்னும் கீது."

துடைத்தேன்.

"இங்க."

அங்கே ஒன்றுமே இல்லை, நிழல்தான். அதையும் துடைத்தேன். மத்தியானம் வரை இப்படியே போனது. சாப்பிடக் கூப்பிட்டதற்கு என் மனைவியிடம் வேண்டாம் என்று தலையாட்டினார். மூன்றாம் நாளும் வந்தார், நான்காம் நாளும் வந்தார். பரீட்சை எழுதுகிறவன் தலைக்குமேல் வாத்தியார் நிற்கிற மாதிரி இருந்தது எனக்கு. இரண்டு தடவை கை தவறி, பக்கத்தில் நன்றாக இருந்த இடத்தைக் கீறிவிட்டேன். இரண்டு தடவையும் அவர் டார்ச்சை அடுத்த எண்ணெய்க் கறைக்குத் திருப்பினார். கீறல் அவருக்குப் பொருட்டே இல்லை, எண்ணெய் மட்டும்தான் வேண்டாம்.

நான்காம் நாள், மூடியைக் கழற்றி உள்ளே காட்டச் சொன்னார்.

"உள்ள இன்னா கீது?"

"ஒண்ணுமில்லண்ணா. வெறும் பிளாஸ்டிக். எஞ்சினே கெடையாது."

"இருந்தாலும் தொடை."

சிரிப்பு வந்தது. முகத்தைப் பார்த்ததும் சிரிக்க முடியவில்லை. காலியான பிளாஸ்டிக் பெட்டியின் உட்புறத்தைத் துணியால் துடைத்தேன். அவர் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். "எடது பக்கம்," என்றார். "புகைக்குழாய்க்கு உள்பக்கமா, அந்த மடிப்புல. எண்ணெ வழிஞ்சா அங்கதான் வந்து நிக்கும். மேலேந்து பாத்தா தெரியாது, கைய வுட்டுத்தான் தொடைக்கணும்."

துணியோடு என் கை நின்றுவிட்டது. நான் அந்த இடத்தில் எதுவும் வரைந்திருக்கவில்லை. அவர் விரல் அங்கே தயங்காமல் போய் நின்றது.

"அண்ணா, உன் வண்டில அங்க எண்ணெ நின்னுச்சா?"

அண்ணன் டார்ச்சை அணைத்தார். "நீ கலர் பாக்கறவன்தான? கலர மட்டும் பாரு" என்று எழுந்து, மொபெட்டை உதைத்துக் கிளம்பிப் போனார். மறுநாளும் அதற்கு மறுநாளும் வரவில்லை.

எனக்குப் பயமாக இருந்தது. என் அண்ணனை எனக்குத் தெரியும் என்று ஐம்பது வயது வரை நினைத்துக்கொண்டிருந்தேன். அண்ணியிடம் போனில் சொல்லலாமா என்று நினைத்தேன், எதைச் சொல்வது? வேலையில் தலையைக் கொடுத்தேன். சுரண்டிய இடத்துக்குப் பழைய மணல் நிறம் வேண்டும். கலவையை எழுதி வைக்கவில்லை. அச்சகத்தில் வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பேன். பதினொரு தடவை கலந்தேன். வெயிலில் பார்த்தால் பச்சையாக இருக்கும், வீட்டுக்குள் பார்த்தால் ரோஸாக இருக்கும். சனிக்கிழமை மத்தியானம் ஒரு கலவை இரண்டு இடத்திலும் பொருந்தியது. ஏர்பிரஷ்ஷை எடுத்து மெல்லப் பனி விழுவதுபோல் அடித்தேன். எஞ்சின் மூடி பளிச்சென்று ஆகிவிட்டது. அன்றைக்குக் காலையில்தான் தொழிற்சாலையிலிருந்து வந்த வண்டி என்று சொல்லலாம். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் சர்ச்சில் திருவிருந்து நாள், மறைத்த பாவத்தோடு யாரும் வாங்கக் கூடாத விருந்து. அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்கிற நேரம் வந்தால் அண்ணன் எழுந்து வெளியே போய் கேட் பக்கம் நின்றுகொள்வார், பல வருஷமாக அப்படித்தான். முட்டி போட முடியவில்லை என்பார், நாங்களும் முட்டிவலி என்றே நம்பியிருந்தோம். அன்றைக்கும் எழுந்து போனார். முதல் தடவையாக நான் திரும்பி, அவர் நடக்கிற நடையைப் பார்த்தேன். முட்டியில் ஒரு கோளாறும் தெரியவில்லை.

பதினொன்றரைக்குக் கன்னர் அண்ணன் வீட்டுக்கு வந்தார். ஒல்லியான மனிதர், தோளில் ஒரு பை. அண்ணனைக் கண்டதும், "டேய், தொப்பை வெச்சிகினியே" என்று கட்டிப் பிடித்துக்கொண்டார். அண்ணனின் கைகள் அவர் முதுகில் பட்டும் படாமலும் இருந்தன. அண்ணி காபி கொண்டுவந்தார். கன்னர் டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துத் தூக்கினார், விரல்கள் மடங்கவில்லை. தோல் இழுத்துத் தைத்ததுபோல் வழவழவென்று இருந்தது. அண்ணன் அந்தக் கைகளைத் தவிர வீட்டில் உள்ள எல்லாவற்றையும் பார்த்தார்.

டாங்கியை நான்தான் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தேன். புதுப் பெயின்ட் பகல் வெளிச்சத்தில் நிறம் மாறித் தெரிந்தால் ஒற்றிச் சரி செய்யலாம் என்று வண்ணப் பெட்டியும் பக்கத்திலேயே இருந்தது. கன்னர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். தான் உட்கார்ந்த இடத்தை எனக்குக் காட்டினார். பின்பக்கம் வந்ததும் நின்றார். கட்டைவிரலால் எஞ்சின் மூடியை ஒரு தடவை தடவினார்.

"பாத்தியாம்மா," என்று அண்ணியிடம் சொன்னார், "இப்பிடித்தான் வெச்சிருப்பான் ஒன் வூட்டுக்காரன். நான் ஆஸ்பத்திரில படுத்துகினு இருந்தப்போ விசாரணைக்கு வந்தாங்க. டிரைவர் வண்டிய ஒழுங்கா வெச்சிருந்தானான்னு கேட்டாங்க. ரெண்டு கையிலயும் கட்டு. நான் சொன்னேன், எழுதிக்கோங்க சார், அவன் வண்டி சுத்தம்னு."

வீட்டில் நாங்கள் இருபது வருஷமாகக் கேட்டுவந்த வாக்கியம். அது இவர் சொன்னது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"தொடைக்கல," என்றார் அண்ணன்.

கன்னர் திரும்பினார். "இன்னா?"

"ரெண்டு நாளா தொடைக்கல. எண்ணெ நின்னுகினு இருந்துச்சு. எனக்குத் தெரியும். சீட்டாடப் போயிட்டேன். தொடைச்சேன்னு வண்டி புக்குல எழுதிட்டேன். ரெண்டு நாளும் எழுதினேன்."

அண்ணி கையில் இருந்த தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். கன்னர் தன் கைகளைப் பார்க்கவில்லை, அண்ணனையும் பார்க்கவில்லை. செருப்பைக்கூடப் போடாமல் வெளியே போனார்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தெருக்குழாய்ப் பக்கத்தில் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். போய்விடுவார் என்று நினைத்தேன். போனால் அண்ணன் அதோடு முடிந்துபோவார் என்றும் நினைத்தேன். பை நாற்காலியில் இருந்தது, அதை எடுக்கவாவது வந்துதானே ஆக வேண்டும் என்று அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் சுவரில் சாய்ந்து நின்றார். அழவில்லை. முகத்தில் வியர்வை ஊற்றிக்கொண்டிருந்தது.

எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. கன்னர் உள்ளே வந்தார். அண்ணனைத் தாண்டி நேராக என்னிடம் வந்தார்.

"தம்பி, இதுல எண்ணெ போட முடியுமா?"

"முடியும்ணா."

"போடு. அவன் காட்ற எடத்துல."

அண்ணன் நகரவில்லை. "காட்றா," என்றார் கன்னர், குரலை உயர்த்தாமல். அண்ணன் வந்தார். மூடியைக் கழற்றினேன். அவர் விரல் இடது பக்க மடிப்புக்குப் போனது. காப்பிக்கொட்டை நிறத்தையும் கறுப்பையும் கலந்து, பளபளப்புக்கு ஒரு சொட்டு வார்னிஷ் சேர்த்து, நுனி பிரஷ்ஷால் அங்கே வைத்தேன்.

"இன்னும்," என்றார் அண்ணன்.

வைத்தேன்.

"இன்னும் ஜாஸ்தி. மடிப்பு ரொம்பி, இப்பிடிக் கீழ எறங்கிடுச்சு."

விரலால் அந்த வழியைக் காட்டினார். விரல் போன வழியே என் பிரஷ்ஷும் போனது. ஐந்து மாதமாக நான் செய்த அழுக்கு எதுவும் இப்படி இருக்கவில்லை. என்னுடையது மேலே, பார்க்கிறவர் கண்ணில் படுகிற இடத்தில் இருந்தது. இது உள்ளே, மூடியைப் போட்டால் யாருக்கும் தெரியாத இடம். கன்னர் குனிந்து, என் தோளுக்குமேல் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மூச்சு என் காதில் பட்டது. முடிந்ததும், "இவ்ளோவா?" என்று மட்டும் கேட்டார். அண்ணன் தலையாட்டினார்.

சாப்பிடச் சொல்லி அண்ணி கெஞ்சியும் அவர் உட்காரவில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டினார். டாங்கியைத் தூக்கக் கை நீட்டினார், நான் பதறித் தடுத்தேன், ஈரம் என்றேன்.

"காயறதுக்கு எத்தினி நாளு ஆவும்?"

நான் போட்டிருந்தது சீக்கிரம் காய்கிற எனாமல். மறுநாள் காலையில் கையால் தொட்டுப் பார்க்கலாம். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒரு வாரம் ஆவும்ணா," என்றேன்.

கன்னர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, அண்ணன் அதைச் சொன்னபிறகு முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தார்.

"அடுத்த ஞாயித்துக்கெழம வந்து எடுத்துகினு போறேன். அதுவரைக்கும் அத தொடைச்சுடாத."